ஸ்பிரிங் தராசும் பதினோரு நட்டும்

“அந்தக் காலத்து மெக்கானிக்குக்கு டார்க் ரெஞ்ச் எதுக்குங்க? அவன் கையே டார்க் ரெஞ்சுதானே!” பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படிப் பெருமையாகச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். எங்கள் மேஸ்திரி எதிரில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், “கொத்தனாரே நூல் கட்டிப் பாத்துட்டுத்தான் செங்கல் வைக்கிறான். உனக்கு இன்னா வந்துச்சு?” என்று கேட்டிருப்பார். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் நல்ல கை என்று பெயர் வாங்கியவர் அவர். கியர் பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். கார்புரேட்டரைச் சத்தத்தை வைத்தே சரி செய்வார். ஹெட் நட்டு டைட் வைக்கும்போது மட்டும் தன் கையைத் தானே நம்ப மாட்டார்.

80களின் நடுவில், பத்தாவது முடித்த கையோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வந்தவாசி போகிற சாலையில் ஒரு புளியமரம், அதை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை, தரையெல்லாம் ஆயில் ஊறிக் கறுத்த மண். அதுதான் பட்டறை. வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை அம்பாசிடர். ரைஸ் மில்லுக்காரர்களின் சொந்த வண்டி, கல்யாணத்துக்கும் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்கவும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் ஊருக்கு ஊர் நின்ற வாடகை வண்டி, இவைபோகச் சர்க்கார் வண்டி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதல்லவா, 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது, அதைப் பார்க்க அவ்வப்போது பெரிய அதிகாரிகள் வருவார்கள். கோயிலுக்குள் அவர்கள் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருக்க, வெள்ளை அம்பாசிடரின் டிரைவர் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களுக்கு ஆள் அனுப்புவார். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருக்கும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக் காரை எடுத்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாடா ஆலையில் 1957இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கியதுதான் அம்பாசிடர். 2014 வரை அது வந்துகொண்டிருந்தது. முதலில் சைடு வால்வு எஞ்சின் இருந்தது. 1959இல் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. பி.எம்.சி. கம்பெனியின் பி வரிசை என்பார்கள். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஆள் ஒருவர் தனியாக இறக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். எளிதில் சாகாத எஞ்சின் அது. ஆனால் எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உப்பு அதிகம். அதையே வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காறை பிடித்துத் தண்ணீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மானாம்பதியிலிருந்து காஞ்சிபுரம் போனால் எந்த எஞ்சின்தான் தாங்கும்?

இந்த எஞ்சினில் சூடு சேரும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அடுத்தடுத்து நடுவில் உட்கார்ந்து ஒரே வாசல் வழியாகப் புகையை விடுகின்றன. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் பெரும்பாலும் அங்கேதான் கருகும். இரண்டு சிலிண்டர் சேர்ந்தாற்போல அடிக்காமல் போய், வண்டி குலுங்கிக்கொண்டு வந்தால், டிரைவர் வாயைத் திறக்கும் முன்பே மேஸ்திரி “ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல போயிருக்கும்” என்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். டிப் ஸ்டிக்கை இழுத்து, ஆயில் வெளுத்திருக்கிறதா என்று நகத்தில் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார்.

ஹெட் இறக்கும் வேலையில் அவர் முதலில் தொடுவது தண்ணீர்க் குழாயைத்தான். ரேடியேட்டர், பிளாக் இரண்டிலும் உள்ள தண்ணீரை முழுக்க வடித்த பிறகே ஒரு நட்டைத் தொடுவார். இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடிக்கும் நட்டு மொத்தம் 11. அவற்றில் நான்கு, ராக்கர் ஷாஃப்ட்டின் கால்களையும் சேர்த்துப் பிடிக்கும். ராக்கரை மட்டும் கழற்றலாம் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் விட்டும் ஒரு பக்கம் பிடித்தும் நின்று வளைந்துபோகும், தண்ணீரும் உள்ளே இறங்கும். அதனால் வெளியில் இருக்கும் ஏழையும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதுவும் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான். முகூர்த்த நாளில் வண்டிக்காரர் தலைமேல் நின்றாலும், கை வைத்துப் பார்த்துச் சூடு இருந்தால், “டீ குடிச்சிட்டு வா” என்று அனுப்பிவிடுவார்.

இறக்கிய பிறகு என் வேலை ஆரம்பிக்கும். பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்த கேஸ்கட் அது. சுரண்டிய தூளை வாயால் ஊதித் தள்ளுவோம். அந்தத் தூள் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு ஸ்டட்டு ஒவ்வொன்றின் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டீசலில் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைக்க வேண்டும். துடைத்ததும் புது நட்டு ஒன்றை விரலால் அடிவரை சுற்றிவிட வேண்டும். ஸ்பேனர் படாமல் வழுக்கிக்கொண்டு அடிமட்டும் இறங்கினால் ஸ்டட்டு நல்லது. பாதியில் பிடித்தால் தனியே எடுத்து வைக்கச் சொல்வார். அந்தப் பிடிப்புக்கு என்ன அர்த்தம் என்று வெகுநாள் எனக்குத் தெரியாது. துரு என்றே நினைத்திருந்தேன்.

பாலாறு தாண்டி வேறு ஒரு ஊரிலிருந்து வந்த வாடகை வண்டி ஒன்றுதான் அதை எனக்குப் புரியவைத்தது. கேஸ்கட் மாற்றிய கொஞ்ச நாளிலேயே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. வேறு ஒரு பட்டறையில் செய்த வேலை. டிரைவர் புலம்பினார்: “ஸ்பேனர்ல பைப்பு மாட்டி ரெண்டு பேரு தொங்கி டைட் வச்சாங்கண்ணே. அவ்ளோ டைட் வச்சும் எப்பிடிண்ணே போவும்?”

“அதனாலதான் போச்சு” என்றார் மேஸ்திரி.

இறக்கிப் பார்த்தால் நடுவிலிருந்த ஸ்டட்டுகளில் நட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. நல்ல ஸ்டட்டு ஒன்றையும் அதில் ஒன்றையும் கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருத்திக் காட்டினார். ஒரு முனையில் பல்லோடு பல் சேர்ந்தது. மறுமுனைக்குப் போகப் போக விலகிக்கொண்டே போனது. இரும்பு நீண்டிருந்தது, நடுவில் இடுப்பு சிறுத்திருந்தது. பிளாக்கில் அந்த ஸ்டட்டு இறங்கும் துளையைச் சுற்றி விளிம்பு மெல்ல மேலெழும்பி இருந்தது. இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து பில்லர் கேஜ் நுழைத்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. அந்த மேட்டைச் சீவி எடுத்து, ஹெட்டைக் காஞ்சிபுரத்து லேத்துப் பட்டறைக்கு அனுப்பி முகம் சீவிக்கொண்டு வந்து, புது ஸ்டட்டு போட்ட பிறகு அந்த வண்டி கேஸ்கட்டுக்காக எங்கள் பக்கம் வரவே இல்லை.

டைட் வைப்பது என்பது ஸ்டட்டை ஒரு மயிரிழை இழுத்து நீட்டுவது. இழுத்த இரும்பு திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. அளவோடு இழுத்தால் ஸ்பிரிங் போல உயிரோடு இருக்கும். எல்லை தாண்டி இழுத்தால் நீண்டது நீண்டதுதான், சுருங்காது, பிடிக்கவும் பிடிக்காது. 3/8 அங்குல ஸ்டட்டு ஒன்றைச் சரியாக முறுக்கினால் ஏறத்தாழ இரண்டரை, மூன்று டன் அழுத்தம் தரும். எதிர்ப்பக்கம், 73 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் ஒவ்வொரு வெடிப்பும் ஹெட்டை ஒன்றரை டன் அளவுக்கு மேலே தள்ளும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 வெடிப்பு. ஆகவே 11 ஸ்டட்டும் சமமாகப் பிடிக்க வேண்டும். பத்து ஒழுங்காகப் பிடித்து ஒன்று சோம்பினாலும் நெருப்பு அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

இனி தராசுக்கு வருகிறேன். மேஸ்திரியிடம் டார்க் ரெஞ்ச் கிடையாது. அந்தக் காலத்தில் அது எங்களுக்கெல்லாம் யானை விலை. அவரிடம் இருந்தது அம்பாசிடரின் கிழிந்த சர்வீஸ் புத்தகம். அதில் ஹெட் நட்டுக்கு 40 பவுண்டு-அடி என்று போட்டிருந்தது. ஓர் அடி நீளக் கம்பியின் நுனியில் 40 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு, அவ்வளவுதான். 40 பவுண்டு என்றால் 18 கிலோ. புளி வியாபாரி ஒருவரிடம் வாங்கிய ஸ்பிரிங் தராசு ஒன்று அவரிடம் இருந்தது. எல் ராடில் சாக்கெட்டின் மையத்திலிருந்து சரியாக ஓர் அடி அளந்து அரத்தால் ஒரு பள்ளம் போட்டிருந்தார். பள்ளத்தில் கம்பி வளையம், வளையத்தில் தராசின் கொக்கி. 9/16 சாக்கெட்டை நட்டில் மாட்டி, எக்ஸ்டென்ஷனின் தலையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தராசைப் படுக்கையாக, ராடுக்குச் செங்குத்தாக இழுப்பார். நான் முள்ளைப் படித்துச் சொல்ல வேண்டும்.

எளிதாகத் தெரிகிறது, ஆனால் அதிலும் அவருக்கு நுணுக்கங்கள் இருந்தன. தராசைத் தொங்கவிட்டால் முள் பூஜ்யத்தில் நிற்கும். படுக்கவைத்தால் கொக்கியின் எடை அதற்குப் படாது, முள் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய்விடும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, 18க்குச் சற்று முன்னாலேயே நிறுத்துவார். வருஷத்துக்கு ஒரு முறையாவது எடைக்கல் வைத்துத் தராசைச் சரிபார்ப்பார். நட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது முள் காட்டுவதுதான் கணக்கு. நட்டு நின்றுவிட்டு, முள் மட்டும் ஏறினால் அது கணக்கில் வராது. “நவுருதா பாரு, நவுரும்போது சொல்லு” என்று கத்துவார்.

ஒரே மூச்சில் 18க்குப் போவதும் கிடையாது. ஹெட்டின் மேல் ஒவ்வொரு நட்டுக்கும் பக்கத்தில் சாக்கட்டியால் எண் எழுதியிருப்பார். நடுவில் ஒன்று. அங்கிருந்து இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓரத்துக்குப் போகும் வரிசை. முதல் சுற்றில் எல்லாவற்றையும் 6 கிலோவுக்கு, அடுத்த சுற்றில் 12க்கு, மூன்றாவதில் 18க்கு. ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் கேஸ்கட்டின் உப்பல் சிக்கிக்கொள்ளும், பிறகு நடுவை எவ்வளவு இறுக்கினாலும் அது போக வழியில்லை. நடுவிலிருந்து போனால் தகடு படிந்து வெளிப்பக்கம் விரியும். கேஸ்கட்டின் மேலே எது, முன்னால் எது என்று அதிலேயே அச்சடித்திருக்கும், தலைகீழாகப் போட்டால் தண்ணீர்த் துளைகள் மூடிக்கொள்ளும். ஷெல்லாக், கிரீஸ் எதுவும் தடவ மாட்டார். மற்ற பட்டறைகளில் கேஸ்கட்டுக்குச் சந்தனம் பூசுவதுபோல் ஷெல்லாக் பூசுவார்கள். அவர் கேஸ்கட்டை வெறுமனே வைப்பார். ஸ்டட்டின் மரைக்கும் வாஷரின் முகத்துக்கும் மட்டும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில்.

அந்த ஒரு சொட்டில்தான் கைக்கணக்கு ஏன் பொய்க்கிறது என்பதற்கான பதில் இருக்கிறது. நாம் நட்டைத் திருப்பச் செலவழிக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடிமுகம் வாஷரில் உரசுவதிலேயே போய்விடும். இன்னும் 40 சதவீதம் மரையும் மரையும் உரசுவதில் போகும். ஸ்டட்டை இழுத்து நீட்டுவதற்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான். கைக்குத் தெரிவதெல்லாம் உராய்வு. துருப்பிடித்த ஸ்டட்டில் கை “போதும், டைட் ஆயிடுச்சு” என்று சொல்லும்போது ஸ்டட்டு இழுபடவே தொடங்கியிருக்காது. ஆயில் வழியும் மரையில் அதே பலத்தைக் கொடுத்தால் எல்லை தாண்டிவிடும். முப்பது வருஷ அனுபவக் கையாலும் இதை மாற்ற முடியாது, காலையில் வைத்த டைட்டும் களைத்துப்போன சாயங்காலத்தில் வைத்த டைட்டும் வேறுவேறு என்பது தனிக்கதை. தராசும் உராய்வைத்தான் அளக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லா மரையையும் ஒரே மாதிரி தேய்த்து, ஒரே மாதிரி ஒரு சொட்டு விட்டு வைத்தால், பதினொன்றிலும் உராய்வு ஒன்றாக இருக்கும், அளவும் ஒன்றாக வரும். பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நான் அலுத்துப்போய்த் தேய்த்த தேய்ப்புக்கு அதுதான் காரணம் என்பது பிறகுதான் விளங்கியது.

வண்டிக்காரர்களோடு சண்டை வருவது இதற்கடுத்த கட்டத்தில். பூட்டி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பார்த்தால் ஜோராக ஓடும். உடனே சாவியைக் கேட்பார்கள். மேஸ்திரி கொடுக்க மாட்டார். செப்பும் ஆஸ்பெஸ்டாஸும் முதல் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் அமுங்கும், அமுங்கியதும் ஸ்டட்டின் இழுப்பு குறையும். ஆகவே நன்றாகச் சூடேற்றி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் திரும்ப அதே வரிசையில் ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று தளர்த்தி 18க்குக் கொண்டுவருவார். ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் கேஸ்கட் செத்தது. “நேத்தே நல்லா ஓடுச்சேய்யா, இன்னும் இன்னா பண்ற?” என்று மில்லுக்காரர் கத்துவார். “ஒங்க பொண்ணு கல்யாணத்தன்னிக்கு வாலாஜாபாத்துல நிக்கணுமா?” என்று இவர் திருப்பிக் கேட்பார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை கொண்டுவரவும் சொல்வார். பாதிப் பேர் வர மாட்டார்கள். காசு கேட்க மாட்டார் என்று தெரிந்தும் வர மாட்டார்கள்.

ஹெட் அமுங்கினால் டாப்பெட்டும் மாறும். புஷ் ராடின் நீளம் அப்படியே இருக்க, ராக்கர் மட்டும் கீழே இறங்குவதால் இடைவெளி குறையும். அதனால் மறு டைட் முடிந்ததும் எட்டு வால்வுக்கும் ஆயிரத்தில் பதினைந்து அங்குலம் வைத்துத் திரும்ப டாப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். அதற்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒன்பது கணக்கு எனக்கு இன்றும் பிடித்தமானது. எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதை வை. ஆறு அமுங்கினால் மூன்றை வை. அமுங்கியதும் வைக்க வேண்டியதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். பத்தாவதில் கணக்கு என்றாலே ஓடியவன், இந்தக் கணக்கில் மட்டும் தப்பு விட்டதில்லை.

ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் எப்போதாவது வரும். அது எங்கள் ஜில்லாக் கார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருங்களத்தூரில், இன்று ஐ.டி. வளாகம் நிற்கும் இடத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை இருந்தது. 1961இல் அங்கே ஹெரால்ட் வந்தது. 948 சிசி எஞ்சின். பானெட்டை முன்பக்கமாக முழுக்கச் சாய்த்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு டைட் வைக்கலாம். அம்பாசிடரில் மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக் கடைசி நட்டை எட்டிப் பிடிக்கும்போதெல்லாம் ஹெரால்டைச் செய்தவனை மனதாரப் புகழ்ந்திருக்கிறேன்.

90களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கு 1800 சிசி இசுசு எஞ்சின் வந்தது. அதன் ஹெட் அலுமினியம். சூடானால் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிற உலோகம். சூட்டில் டைட் வைத்துவிட்டு ஆறும்போது தளர்ந்துபோன கதைகள் பல பட்டறைகளில் நடந்தன. நான் அதற்குப் பிறகு ஐ.டி.ஐ. படித்துவிட்டு, 90களின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த கார் தொழிற்சாலைகளில் ஒன்றில் எஞ்சின் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஹெட் போல்ட் பத்துக்கும் பத்து சாக்கெட்டுகள் மேலிருந்து ஒன்றாக இறங்கி, ஒரே நேரத்தில் முறுக்கும். சின்ன டார்க்கில் ஆரம்பித்து, அதற்குப் பிறகு 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று திருப்பிய கோணத்தைத்தான் இயந்திரம் கணக்கு வைக்கும். மரையின் இடைவெளி மாறாது. ஆகவே எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு இழுப்பு, உராய்வு அதில் பொய் சொல்ல முடியாது. போல்ட்டை வேண்டுமென்றே எல்லை தொடும்வரை இழுத்து, அடுத்த முறை திறந்தால் தூக்கிப் போட்டுப் புதிது போடுவார்கள். தராசை நம்பிய மனிதரின் சந்தேகத்தை, டார்க் அளவையே நம்பாமல் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோன ஏற்பாடு அது. ஆனால் அம்பாசிடரின் பழைய ஸ்டட்டுக்கு இந்தக் கோணக் கணக்கு பொருந்தாது. இன்றைய இளைஞர்கள் சிலர் பொருத்திப் பார்க்கிறார்கள். அது அதற்கென்று செய்த போல்ட்டில்லை, வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

சென்ற மாதம் அதே மில்லுக்காரரின் பேரன், தாத்தாவின் மார்க் 2 வண்டியை நெல் குடோனிலிருந்து வெளியே எடுத்துவிட்டுக் கூப்பிட்டான். சென்னை ஜி.பி. ரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கேஸ்கட் வாங்கி வைத்திருக்கிறான். நல்ல டார்க் ரெஞ்ச்சும் இருக்கிறது. “எவ்ளோ வைக்கணும் மாமா, நாப்பதா? ஆயில் போட்டா, போடாமலா? ஞாயித்துக்கெழம ஹெட்ட ஏத்திடலாமா?” என்று கேட்டான். நாற்பது, ஆயில் ஒரு சொட்டு என்றேன். ரேடியேட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதைக் கழற்றிக் காறையை முழுக்க எடுத்து, தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறதா என்று குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்த பிறகுதான் ஞாயிறா, அதற்கடுத்த ஞாயிறா என்று சொல்வேன்.